பழைய போர்ஷே 911: செயினை விடுங்கள், டென்ஷனரைக் கவனியுங்கள்

கேள்வி: என்னிடம் 1979 மாடல் போர்ஷே 911 எஸ்.சி. இருக்கிறது. காலையில் கிளப்பும்போது இன்ஜினின் இடப்பக்கத்தில் கரகரவென்று சத்தம் வருகிறது. சூடான பிறகும் முழுதாக அடங்குவதில்லை. பட்டறையில் டைமிங் செயின் உட்பட எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். டென்ஷனரில் ஒரு காப்பு வளையம் மாட்டினால் போதும் என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: பட்டறை கூடுதலாகச் சொல்கிறது, நண்பர் குறைத்துச் சொல்கிறார். முதலில், பழுதைச் சரிசெய்து சத்தம் நிற்கும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

இந்த ஆறு சிலிண்டர் இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுகளைச் சுழற்ற, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரட்டைவரிசை டைமிங் செயின்கள் உண்டு. எப்போதும் ஆயிலில் நனைந்தபடி ஓடுவதால் அவை லேசில் அறுவதில்லை. காலை வாருவது அவற்றைத் தொய்வில்லாமல் பிடித்திருக்கும் டென்ஷனர்தான். உங்கள் வண்டியில் இருப்பது பழைய வகை என்றால், அது இன்ஜினின் ஆயில் அழுத்தத்தோடு தொடர்பே இல்லாமல், தனக்குள் அடைபட்ட ஆயிலையும் ஒரு ஸ்பிரிங்கையும் நம்பி வேலை செய்கிறது. உள்ளே சீல் கசிந்தால் டென்ஷனரின் தள்ளும் தண்டு அமுங்கிவிடும், செயின் தொய்ந்துவிடும். தொய்ந்த செயின் ஸ்பிராக்கெட்டில் (பல்சக்கரத்தில்) பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பிறகு பேச்சு டென்ஷனரைப் பற்றி இருக்காது, முழு இன்ஜினைப் பற்றித்தான்.

நண்பர் சொல்லும் வளையம், தண்டு முழுதாக அமுங்காமல் தடுக்கும். பல் தாண்டும் அபாயம் குறையும், அவ்வளவுதான்; பழுதான டென்ஷனர் பழுதாகவே இருக்கும். வளையத்தை மாட்டவும், டென்ஷனரை மாற்றத் திறக்கும் அதே செயின் மூடிகளைத்தான் திறக்க வேண்டும். கூலியை முழுதாகக் கொடுத்துவிட்டு உதிரிப்பாகத்தில் மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

1984 மாடலாக வந்த 3.2 லிட்டர் கரேராவில் போர்ஷே நிறுவனமே இதற்கு வழி கண்டது. அந்த டென்ஷனருக்கு இன்ஜினின் ஆயில் தனிக் குழாய் வழியாக அழுத்தத்துடன் போய்க்கொண்டே இருக்கும். அதை எஸ்.சி. இன்ஜினிலும் பொருத்தலாம். இரண்டு பக்கத்துக்குமான டென்ஷனர்கள், குழாய் நுழையத் துளையுள்ள புதிய செயின் மூடிகள், ஆயில் குழாய்கள், கேஸ்கெட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. சத்தம் ஒரு பக்கம்தான் என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில். டென்ஷனர் நேராகச் செயினைத் தள்ளுவதில்லை. ஒரு சிறு ஸ்பிராக்கெட்டைத் தாங்கும் கையைத் தள்ளுகிறது. 1980க்கு முந்தைய கைகளின் புஷ் (அச்சைச் சுற்றியிருக்கும் உருளை) குறுகலானது. அது தன் அச்சில் சாய்ந்து இறுகினால் அதிர்ச்சி முழுவதும் டென்ஷனர் மேல் விழும். 1980இல் அகலமான புஷ் உள்ள கைகள் வந்தன. உங்கள் வண்டி அதற்கு ஓராண்டு முந்தியது. முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்காவிட்டால் கைகளையும் சேர்த்தே வாங்குங்கள். செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் தாங்கிகள் மொத்தம் ஆறு. எட்டக்கூடியவற்றில் ஆழமான பள்ளமோ விரிசலோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

செயினுக்கு இப்போது அவசரமில்லை. மூல செயினில் இணைப்புக் கண்ணி கிடையாது. அதை மாற்ற இன்ஜினைப் பிளக்க வேண்டும். அல்லது பழையதை வெட்டி, அதன் நுனியில் புதியதைக் கட்டி இழுத்து, இணைப்புக் கண்ணியால் மூட வேண்டும். இன்ஜின் எப்போதாவது முழுதாகப் பிரிக்கப்படும்போது செய்துகொள்ளலாம்.

வேலையைத் தொடங்கும் முன் கிராங்க்ஷாஃப்ட் கப்பியில் உள்ள Z1 குறியை (முதலாவது பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் குறி) இன்ஜின் உறையின் இணைப்புக் கோட்டுக்கு நேராக நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். டென்ஷனர் வெளியே இருக்கும் நேரத்தில் செயினைத் தொய்யவிடக் கூடாது. வால்வு ஸ்பிரிங்குகளின் விசையில் கேம்ஷாஃப்ட் தானாகவே திரும்பிவிடும். புதிய டென்ஷனர் அமுக்கிய நிலையில், ஒரு பின் செருகப்பட்டு வரும். மூடியைப் பொருத்துவதற்கு முன் அந்தப் பின்னை உருவ வேண்டும். மறந்தால் காசு கொடுத்து வாங்கிய புது டென்ஷனர் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும்.

பிறகு, இன்ஜின் சுழலும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது முட்டினால் உடனே நிறுத்த வேண்டும். முதலாவது சிலிண்டரின் இன்டேக் வால்வில் 0.1 மி.மீ. இடைவெளி வைத்து, டயல் கேஜால் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) கேம் டைமிங்கை, அதாவது வால்வு திறக்கும் நேரத்தை, சரிபார்த்துவிடுவது நல்லது. முதல்முறை கிளப்பும்போது சில நொடிகள் சத்தம் வரும், பயப்பட வேண்டாம்; குழாயில் ஆயில் நிரம்பியதும் அடங்கிவிடும். அதன் பிறகும் தொடர்ந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.