செஸ்நட் (chestnut) என்கிற ஓட்டுக் கொட்டையை முந்திரிக்குப் பதிலாகக் குருமாவில் அரைத்து ஊற்றலாமா? மலேசியாவில் எப்படிப் பார்த்து வாங்குவது?

அரைத்து ஊற்றலாம், குழம்பு கெட்டிப்படும். ஆனால் முந்திரியின் வழுவழுப்பு வராது. 100 கிராம் முந்திரியில் கொழுப்பே 44 கிராம் போல இருக்கும். செஸ்நட்டில் 2 கிராம் தேறினால் அதிகம். மிச்சம் பெரும்பாலும் மாவும் தண்ணீரும்தான். அதனால் எங்கள் வீட்டில் இதைக் கிழங்குக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறோம். உருளைக்கிழங்கு போடுகிற இடத்தில் எல்லாம் இதைப் போடலாம், கொஞ்சம் இனிக்கும். குருமாவுக்கு வழுவழுப்புதான் வேண்டும் என்றால் தேங்காய்ப்பாலே போதும்.

நான் இருப்பது சுங்கை சிப்புட். இங்கே பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பெரிய சட்டியில் மணலும் சீனியும் போட்டு வறுத்து விற்பார்கள். சூடான மணல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேக வைக்கும், சீனி ஓட்டுக்குப் பளபளப்புக் கொடுக்கும். அது கொறிக்கத்தான். சமையலுக்குப் பச்சையாக வாங்குங்கள். சீனாவில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் அறுவடை, அதாவது நம் புரட்டாசி சமயம். அதையொட்டி வருவதுதான் புதுச் சரக்கு.

கையில் எடுத்தால் கனக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தும்போது ஓடு உள்ளே போனால் பருப்பு காய்ந்து சுருங்கிவிட்டது என்று அர்த்தம். சின்ன ஓட்டை இருந்தால் புழு. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிடுங்கள். முந்திரி மாதிரி டப்பாவில் போட்டு அலமாரியில் வைக்கக் கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடித்துவிடும். ஐஸ்பெட்டிதான் சரி.

உரிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். தட்டையான பக்கத்தில் கத்தியால் கீறி (கீறாமல் சுட்டால் வெடிக்கும்), சில நிமிடம் கொதிக்கவிட்டு, நாலைந்தாக எடுத்துச் சூட்டோடு உரியுங்கள். ஆறினால் உள்தோல் ஒட்டிக்கொள்ளும், உரிந்து வராது. அந்தத் தோல் துவர்க்கும், விடக் கூடாது. இந்த வேலையே வேண்டாம் என்றால் உரித்து வேக வைத்த பாக்கெட் இருக்கிறது, விலை கூடுதல். காய வைத்த செஸ்நட்டும் கிடைக்கும், அதை முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும்.

கோழிப் பெரட்டலில் பச்சையாக உரித்ததைக் கோழியோடு சேர்த்தே போடுங்கள், வேக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பாக்கெட்டில் வருவதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் போதும், இல்லாவிட்டால் கரைந்துவிடும். இனிப்பு இருப்பதால் மிளகும் சோம்பும் தூக்கலாக இருக்கட்டும். என் மாமியாருக்கு இன்னும் உருளைக்கிழங்குதான் ஒசத்தி, அது வேறு கதை!

புரட்டாசியில் சைவம் என்றால் எனக்கு இதுதான் பிடித்த வழி: காய்ந்த சீனக் காளானை ஊற வைத்து, அந்தத் தண்ணீரையும் கீழே ஊற்றாமல், செஸ்நட், தௌபூ (சோயா பன்னீர்), நிறைய இஞ்சி, கறிவேப்பிலையோடு சுண்ட விடுவேன். சோற்றுக்கு ரசம் மட்டும் இருந்தால் போதும்.