ஸ்டெம் செல் ஊசிக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். திருமணமாகி ஆறு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. பரிசோதனையில் விந்தணுவே இல்லை என்றார்கள். ‘ஸ்டெம் செல் சிகிச்சையில் உறுதியான பலன், ஆண்மைக்குறைவும் தீரும்’ என்ற விளம்பரத்தை நம்பி, சென்னையில் ஒரு தனியார் கிளினிக்கில் 4,60,000 ரூபாய் கட்டினேன். இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து, விரையில் ஊசியாகப் போட்டார்கள். 14 மாதமாகியும் மாற்றமில்லை. இன்னொரு சிட்டிங் வேண்டுமாம். ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வழக்குப் போட்டால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமோ?

பதில்: முதல் வேலையாக, அந்த இரண்டாவது சிட்டிங்குக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

‘பலன் இல்லை’ என்பதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்பது கஷ்டம். சிகிச்சை பலிக்காமல் போனதாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீதிமன்றங்கள் சொல்வதில்லை. உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சிகிச்சையைக் காசுக்கு விற்கவே அவர்களுக்கு அனுமதி உண்டா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ரத்தப் புற்றுநோய் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. விந்தணுக் குறைபாடும் ஆண்மைக்குறைவும் அதில்தான் வரும். ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் (எதிக்ஸ் கமிட்டி) ஒப்புதல் வேண்டும், மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். அதில் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

கிளினிக் தரப்பு என்ன சொல்லும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘அவருடைய மஜ்ஜையையே பிரித்துப் போட்டோம், இது மருந்தே அல்ல’ என்பார்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகளில் அந்த வாதத்துக்கு ஓரளவு இடம் இருக்கிறது. ஆனால் மருந்தல்ல என்பதாலேயே, நிரூபிக்கப்படாத ஒன்றை வழக்கமான சிகிச்சைபோல விற்கும் உரிமை வந்துவிடாது. சிலர் ‘அது வெறும் பி.ஆர்.பி. ஊசிதான்’ (நோயாளியின் ரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்துப் போடுவது) என்றும் பேச்சை மாற்றுவார்கள். அதனால் உள்ளே போனது என்ன என்பதைக் காட்டும் ஆவணம்தான் உங்களுக்கு உயிர்நாடி. கேஸ் ஷீட், ஒப்புதல் படிவம், லேப் குறிப்பு, இனம்வாரியான பில் எல்லாம் கேட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அவை சீக்கிரம் காணாமல் போகும்.

அந்தக் கையெழுத்துக்குப் பயப்பட வேண்டாம். இது நிரூபிக்கப்படாத முறை, இதற்கு மாற்று வழிகள் இவை என்று விளக்காமல் வாங்கிய சம்மதம் சரியான சம்மதம் ஆகாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சென்னைக்கு அலைய வேண்டியதும் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகார்க் கட்டணம் கிடையாது. பணத்தோடு மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் கேளுங்கள். காலக்கெடு இரண்டு ஆண்டு. ‘அடுத்த சிட்டிங்’ என்று அவர்கள் நாளைக் கடத்துவதற்குள் வக்கீல் நோட்டீஸ் போய்விட வேண்டும்.

ஆண்மைக்குறைவைத் தீர்ப்பதாக மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதற்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும், மருத்துவர்மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும் தனியாகப் புகார் தரலாம். போலீஸை முதல் படியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து, இழுத்தடிக்கும்.

ஊருக்குத் தெரியுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஏமாற்றியவர்கள் தைரியமாகத் தொழில் நடத்துவதே இந்தக் கூச்சத்தை நம்பித்தான். நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் வைத்தே நடக்கும், கூண்டில் ஏறி அந்தரங்கத்தை விவரிக்கும் நிலை அபூர்வம். உத்தரவில் பெயரை மறைக்கும்படி மனுவும் போடலாம்.

அப்புறம், குழந்தை ஆசையை இதோடு விட்டுவிடாதீர்கள். விந்தணு வராததற்குச் சிலருக்கு அடைப்புதான் காரணம். விரையிலிருந்தே விந்தணு எடுத்து இக்சி (ஆய்வகத்தில் ஒரு விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை) செய்யும் வழி பலருக்கு இருக்கிறது. நல்ல ஆண்ட்ராலஜிஸ்ட்டை (ஆண்களின் இனப்பெருக்கக் குறைபாடுகளுக்கான மருத்துவர்) பாருங்கள். எந்த மையத்துக்குப் போனாலும், 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.