கேஸ் ட்ரபுளா? கூச்சப்படாம கேளுங்க

இந்த தடவ வந்த கேள்வி எல்லாத்துலயும் கடைசியில "பேர் போட்றாதீங்க"ன்னு ஒரு வரி இருந்துச்சு. சரி, ஊர் மட்டும் போட்டிருக்கோம்.

வெயிட் குறைக்கலாம்னு ரெண்டு மாசமா சாயங்காலம் சுண்டல் சாப்பிடுறேன். கொண்டைக்கடலை, பச்சைப்பயறுன்னு மாத்தி மாத்தி. அதுல இருந்து ஒரே கேஸ், நாத்தம் வேற, ஆபீஸ்ல உக்காரவே பயமா இருக்கு. குடல் கெட்டுப்போச்சா?
– வாசகி, தேனி (வயசு 34)

கெட்டுப்போகலம்மா, நல்லாத்தான் இருக்கு. பயறு கடலை எல்லாத்துலயும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு சில சர்க்கரை இருக்கு, அதை உடைக்கிற என்சைம் மனுஷனோட சிறுகுடல்ல கிடையவே கிடையாது, உங்களுக்கும் இல்ல எனக்கும் இல்ல பக்கத்து சீட்ல மூக்கை பொத்துறவருக்கும் இல்ல, அதனால அது செரிக்காம நேரா பெருங்குடலுக்கு போயிடுது, அங்க இருக்குற பாக்டீரியா அதை புளிக்க வச்சு ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சில பேருக்கு மீத்தேன்னு வெளிய தள்ளுது. ராத்திரி கரைச்சு வச்ச இட்லி மாவு காலையில பொங்கி நிக்குதே, கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

ஒரு நாளைக்கு 10ல இருந்து 20 தடவ காத்து பிரியறது நார்மல். யாரும் எண்ணுறதில்ல, அதனாலதான் தனக்கு மட்டும் ஜாஸ்தின்னு எல்லாரும் நினைக்கிறாங்க. 1991ல இங்கிலாந்துல 10 பேருக்கு வழக்கமான சாப்பாட்டோட 200 கிராம் பேக்டு பீன்ஸும் (காய் இல்ல, ராஜ்மா மாதிரி பயறு) குடுத்து 24 மணி நேரம் அளந்து பாத்தாங்க, ஒருத்தருக்கு 476 மில்லி, இன்னொருத்தருக்கு 1,491 மில்லி. எல்லாரும் ஆரோக்கியமானவங்கதான், ஆனாலும் மூணு மடங்கு வித்தியாசம்.

நாத்தத்துக்கு வருவோம். வர்ற காத்துல 99 சதவீதத்துக்கு மேல வாசனையே கிடையாது, மிச்சம் இருக்குற துளியூண்டு கந்தக வாயுதான் மானத்த வாங்குது, முக்கியமா ஹைட்ரஜன் சல்ஃபைடு. எந்த வாயு நாறுதுன்னு கண்டுபிடிக்க 1998ல அமெரிக்காவுல மைக்கேல் லெவிட்ங்கிற டாக்டரோட டீம் 16 பேருக்கு பீன்ஸ் குடுத்து, வந்த காத்தை சேகரிச்சு, ரெண்டு பேரை மோந்து பாத்து மார்க் போட சொன்னாங்க (அவங்களுக்கு என்ன சம்பளம் குடுத்தாங்களோ தெரியல). நீங்க சுண்டலோட முட்டை, காலிஃபிளவர், பூண்டுன்னு சேத்து சாப்பிட்டா கந்தகம் கூடும், நாத்தமும் கூடும். அதாவது நாத்தம் சொல்றது நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னுதான், வியாதி இருக்குன்னு இல்ல.

கடலையை முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட்டு, அந்த தண்ணியை கொட்டிட்டு, புது தண்ணியில வேக வைங்க. அந்த சர்க்கரையில கொஞ்சம் அதோட போயிடும். முளை கட்டினா இன்னும் குறையும். பெருங்காயம் போடுறது நல்ல வழக்கம்தான், வாசனைக்காகவே போடலாம், ஆனா அது சர்க்கரையை இல்லாம பண்ணிடும்னு நம்பாதீங்க. அளவையும் ஒரு கிண்ணத்துல இருந்து அரை கிண்ணமா குறைச்சு, மெதுவா ஏத்துங்க. சில வாரத்துல குடல் பழகிக்கும்.

எப்போ பயப்படணும்னா, கேஸோட வேற ஏதாவது சேந்து வரும்போது. முயற்சியே பண்ணாம எடை இறங்குறது, மலத்துல ரத்தம், தார் மாதிரி கறுப்பா மலம், ரத்தசோகை, வயித்துப்போக்கு தூக்கத்துல இருந்து எழுப்பி விடுறது, இல்லன்னா 50 வயசுக்கு மேல திடீர்னு புதுசா மலம் போற பழக்கமே மாறுறது. அப்படின்னா கேஸ் மாத்திரை வாங்க கடைக்கு போகாதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

அடக்கி வச்சா வாயு தலைக்கு ஏறும்னு எங்க பாட்டி சொல்றாங்க, நெஜமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

தலைக்கு ஏறாது தம்பி. கொஞ்சம் ரத்தத்துல கலந்து நுரையீரல் வழியா மூச்சுல வெளிய போயிடும், மிச்சம் வழக்கமான வழியில எப்படியும் வந்தே தீரும். மூச்சுல ஹைட்ரஜன் எவ்வளவு வருதுன்னு பாத்தே பால் செரிக்குதா இல்லையான்னு சொல்ற டெஸ்ட் கூட இருக்கு.

பால்னு சொன்னதும் ஞாபகம் வருது, நாளைக்கு நாலு டீ குடிச்சிட்டு "என்ன சாப்பிட்டாலும் உப்புது"ன்னு சொல்றவங்க ஒரு ரெண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்க. வயசு ஏற ஏற லாக்டோஸை, அதாவது பால்ல இருக்குற சர்க்கரையை, உடைக்கிற என்சைம் நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு குறைஞ்சிடும். தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கும்.

அப்பாவுக்கு சுகர். போன மாசம் மாத்திரை மாத்துனாங்க, அதுல இருந்து வயிறு உப்பி கடகடன்னு சத்தம். தினமும் காலையில கேஸ் மாத்திரைன்னு பேன்டோப்ரசோல் வேற போடுறார்.
– வாசகர், கரூர்

சீட்டை எடுத்து பாருங்க, வோக்லிபோஸ் இல்ல அகார்போஸ்னு இருக்கா? அந்த மாத்திரையோட வேலையே சோறு இட்லியில இருக்குற மாவுச்சத்தை சிறுகுடல்ல சீக்கிரம் உடைய விடாம பண்றது, அப்போ உடையாத மிச்சம் கீழ போகும், தேனி வாசகிக்கு சுண்டல் பண்ணதை அப்பாவுக்கு இது பண்ணுது. மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை கூட சில பேருக்கு உப்புசம், வயித்துப்போக்கு குடுக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக்குடுத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவு குறைப்பாங்க இல்ல மெதுவா கரையுற வகைக்கு மாத்துவாங்க. அப்புறம் அந்த பேன்டோப்ரசோல், அது ஆசிட் சுரக்குறதை குறைக்கிற மாத்திரை. ஆசிட் வேற, கேஸ் வேற. கடைக்காரர் ரெண்டுக்கும் அதையேதான் எடுத்து நீட்டுவார். மெட்ஃபார்மினோட வருஷக்கணக்கா அதையும் போட்டா வைட்டமின் பி12 குறைய வாய்ப்பு இருக்கு, அதையும் கேளுங்க.

மாடி ஏறும்போது நடுநெஞ்சுல வாயு பிடிச்சுக்குது. நின்னு ஈனோ குடிச்சா ஏப்பம் வந்து சரியாயிடுது. நிரந்தர தீர்வு சொல்லுங்க.
– வாசகர், விருதுநகர் (வயசு 52)

ஐயா, இதை படிச்ச உடனே கிளம்பி இசிஜி எடுங்க. பத்திரிகை பதிலுக்கு காத்திருக்குற விஷயமே இல்ல இது.

ஈனோவை தண்ணில போட்டா நுரைக்குதே, அதுவே கார்பன் டை ஆக்சைடுதான். அதை குடிச்சா யாருக்கும் ஏப்பம் வரும். உங்க வலி குறைஞ்சது ஏப்பத்தால இல்லாம நீங்க நின்னதால இருக்கலாம், மாடி ஏறும்போது வந்து நின்னா போற வலி இருதய ரத்தக்குழாய் அடைப்போட பழைய அடையாளம். வாயு தோள்பட்டைக்கு போச்சு, முதுகுல பிடிச்சுச்சுன்னு நம்ம வீடுகள்ல சகஜமா சொல்லுவோம், ஆனா குடல்ல இருக்குற காத்து கைக்கும் தாடைக்கும் நடந்து போறதில்ல. வேர்வையோட வந்தா, உக்காந்திருக்கும்போதே வந்தா 108க்கு போன் பண்ணுங்க. சுகர் இருக்குறவங்களுக்கு வலியே இல்லாம வெறும் மந்தமா, வாந்தி வர்ற மாதிரி மட்டும் கூட இருக்கும். முதல் இசிஜி நார்மல்னு வந்தாலும் விட்டுடாம டாக்டரை பாருங்க.

சிசேரியன் ஆன மறுநாள் வந்த டாக்டர், நர்ஸ் எல்லாரும் "காத்து பிரிஞ்சுதா"ன்னே கேட்டாங்க. மாமியார் முன்னாடி வெக்கமா போச்சு. எதுக்கு அது?
– வாசகி, மயிலாடுதுறை

வயித்துல ஆபரேஷன் பண்ணா குடல் கொஞ்ச நேரம் அசையாம படுத்துக்கும். சிறுகுடல் சீக்கிரம் முழிச்சுக்கும், பெருங்குடல்தான் கடைசி. காத்து பிரிஞ்சுதுன்னா மொத்த லைனும் ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், காசு செலவில்லாத டெஸ்ட். அடுத்த தடவ மாமியார் முன்னாடியே சத்தமா சொல்லுங்க.

இதுக்கு நேர் எதிரா, காத்தும் போகல மலமும் போகல, வயிறு உப்பி விட்டு விட்டு இழுத்து வலிக்குது, வாந்தியும் வருதுன்னா அது குடல் அடைப்பா இருக்கலாம், முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஆனவங்களுக்கும் குடலிறக்கம் இருக்குறவங்களுக்கும் வாய்ப்பு ஜாஸ்தி. விளக்கெண்ணெய் குடுக்கறது, எனிமா வைக்கறதெல்லாம் வேண்டாம், வாயில ஒண்ணும் குடுக்காம நேரா ஆபரேஷன் வசதி இருக்குற ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.