மெயினை இறக்கினாலும் போகாத மின்சாரம்

கேள்வி: பன்னிரண்டு வருடமாக எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். வீட்டு வயரிங்கில் தொடங்கி, இப்போது தொழிற்சாலைகளில் மோட்டார் பேனல் வேலை பார்க்கிறேன். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பேட்டரி கன்டெய்னர்கள் செய்யும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள். சம்பளமும் கொஞ்சம் கூடுதல். “அங்கே போல்ட் முடுக்குவதுதான் வேலை, கற்றதெல்லாம் மறந்துபோகும்” என்கிறார் உடன் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். பேட்டரி தீப்பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். போகலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

போகலாம். ஆனால் சேருவதற்கு முன் அந்த இடத்தைப் பற்றிச் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையில் ஊறிப்போன சில பழக்கங்களை விட்டுவிட்டும் போக வேண்டும். பழக்கத்தை விடுவதுதான் கடினம் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

மெயினை இறக்கு, பூட்டுப் போடு, டெஸ்டர் வைத்துப் பார், அப்புறம் கை வை. இத்தனை வருடம் உங்களைக் காப்பாற்றியது இந்த வரிசைதான். பேட்டரியில் இறக்குவதற்கு மெயினே கிடையாது. ஐசொலேட்டரை, அதாவது துண்டிக்கும் சுவிட்சைத் திறந்தால் ரேக் (பேட்டரி அடுக்கு) வெளி லைனிலிருந்து பிரியும், அவ்வளவுதான். உள்ளே செல் முனைகளில் வோல்ட்டேஜ் அப்படியே நிற்கும்.

இப்போது இந்த வேலைக்குப் பெரும்பாலும் வருவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட், தொட்டால் ஒன்றும் தெரியாது. 52 செல்லைத் தொடராக இணைத்தால் ஒரு பேக், சுமார் 166 வோல்ட். அப்படி 8 பேக் தொடராகச் சேர்ந்த ரேக் 1,331 வோல்ட் டி.சி. சார்ஜ் ஏற ஏற அது 1,500-ஐ நெருங்கும். அசெம்பிளி லைனின் தொடக்கத்தில் ஆபத்தில்லாமல் இருந்த பொருள், நீங்கள் செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரை ஒவ்வொன்றாகப் போடப் போட ஆளைக் கொல்லும் பொருளாக மாறிக்கொண்டே வருகிறது. எந்த இணைப்போடு அது மாறுகிறது என்பது உங்களுக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். ஷாக் அடிக்காத அந்தத் தனி செல்லும் சாதாரணமானது அல்ல. 280 ஆம்பியர்-மணி செல்லின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எதுவும் அங்கே கூடாது.

பையில் இருக்கும் நியான் டெஸ்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பேட்டரியின் இரண்டு முனையும் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருப்பதால், 1,300 வோல்ட் இருக்கும்போதும் அது எரியாமல் போகலாம். தொடாமல் காட்டும் பேனா டெஸ்டர் ஏ.சி.யை மட்டும்தான் காட்டும். சாதாரண கிளாம்ப் மீட்டருக்கும் டி.சி. தெரியாது. 1,500 வோல்ட் டி.சி.க்கு என்று குறிப்பிட்ட மீட்டரை எடுத்து, வோல்ட்டேஜ் இருப்பது தெரிந்த இடத்தில் ஒரு முறை, வேலை செய்யும் இடத்தில் ஒரு முறை, திரும்பவும் தெரிந்த இடத்தில் ஒரு முறை அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஆர்க், அதாவது இணைப்பு பிரியும்போது இடைவெளியில் பாயும் தீப்பொறி, அந்த விஷயமும் வேறு. 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. ஒரு நொடியில் 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய வாய்ப்பு கிடைக்கிறது. டி.சி.யில் அந்த வாய்ப்பே இல்லை. லோடு ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் ஆர்க் கூடவே நீண்டு வரும். பேனலில் மாட்டிப் பழகிய ஏ.சி. பிரேக்கர் இங்கே உதவாது.

சரி, அந்த அண்ணன் சொன்ன போல்ட் கதைக்கு வருவோம். பாதி உண்மை. ஆனால் அந்தப் போல்ட்டை அவர் குறைத்து மதிப்பிடுகிறார். 140 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு இணைப்பில் மட்டும் ஒரு மில்லி ஓம் கூடுதலாக இருந்தால், அந்த இடத்தில் 20 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு சிறிய சால்டரிங் அயர்னை செல்லின் தலையில் வைத்துவிட்டுப் போவதுபோல அது. அதனால்தான் டார்க் ரெஞ்சில் அளவு வைத்து முடுக்கி, பெயின்ட் கோடு போட்டு, மைக்ரோ ஓம் மீட்டரில் அளக்கிறார்கள். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் அளக்க, 52 செல்லுக்கு 53 சென்ஸ் வயர் போகும். அதில் இரண்டு இடம் மாறினால், பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். போர்டு போச்சு. ஒரு பேக்கைத் தலைகீழாக இணைத்துவிட்டால், 1,331 காட்ட வேண்டிய ரேக் சுமார் 998 காட்டும். அதைக் கவனிக்காமல் மற்ற ரேக்குகளோடு இணையாகச் சேர்த்தால் மற்றவற்றின் மின்சாரம் மொத்தமாக இதற்குள் பாயும், விளைவை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் இரண்டு வருடம் ஒரே மேடையில் நின்று முடுக்கிக்கொண்டே இருந்தால், அண்ணன் சொன்னது பலித்துவிடும். கை நன்றாகப் பழகியதும் டெஸ்ட் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். டிராயிங் படிக்கவும் ஃபால்ட் தேடவும் தெரிந்த உங்களுக்குரிய இடம் அதுதான். இன்சுலேஷன் சோதனை, அதற்கு முன் எந்தெந்த போர்டையும் சர்ஜ் அரெஸ்டரையும் கழற்ற வேண்டும் என்ற கணக்கு, கான்டாக்டர் மூடும் வரிசை, ப்ரீசார்ஜ் (முழுதாக இணைப்பதற்கு முன் மெதுவாக மின்சாரம் ஏற்றுவது), பி.எம்.எஸ். தகவல் தொடர்பு எல்லாம் அங்கே இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். மிதக்கும் பேட்டரியில் ஓர் இடத்தில் மட்டும் எர்த் ஃபால்ட் வந்தால் ஃபியூஸ் போகாது, அலாரம் மட்டும் வரும். இன்னொரு இடத்திலும் வந்தால்தான் ஷார்ட். அதற்குள் முதல் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். பாசிட்டிவிலிருந்து எர்த்துக்கு 499 வோல்ட், நெகட்டிவிலிருந்து எர்த்துக்கு 832 வோல்ட் என்று மீட்டர் காட்டுகிறது என்று வையுங்கள். 832-ஐ 166.4-ஆல் வகுத்தால் 5. நெகட்டிவ் பக்கத்திலிருந்து எண்ணினால், ஐந்தாவது பேக்கும் ஆறாவது பேக்கும் சேரும் இடத்தில் கேபிள் எங்கோ பாடியில் உரசுகிறது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் இடம் தெரிந்துவிட்டது! இந்த வேலையில் கற்றது மறக்காது தம்பி, இன்னும் கூடும்.

இனி உங்கள் மனைவியின் பயம். அது நியாயமான பயம். “ஒன்றும் ஆகாது” என்று சொல்லி அதை மூடாதீர்கள். இரும்பு பாஸ்பேட் செல் மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பத்தைத் தாங்கும். ஆனால் எரியவே எரியாது என்பதில்லை. அடிபட்ட செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிச் சூடேறினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயு வெளியே வரும். மூடிய இடத்தில் தீயைவிட அந்த வாயு சேர்வது பெரிய ஆபத்து. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில், சேமிப்பு பேட்டரி கூடத்தின் கதவைத் திறந்த பிறகு உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். அது வேறு வகை லித்தியம் செல். ஆனால் வாயு தேங்கினால் வெடிக்கும் என்பதில் வித்தியாசம் இல்லை.

எனவே நேர்முகத்தில் நீங்களும் கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி: “செல் கைதவறிக் கீழே விழுந்தால் என்ன செய்வீர்கள்?” சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியிடத்தில் வைத்து வெப்பநிலையைக் கண்காணிப்போம், சொன்னவரைத் தண்டிக்க மாட்டோம் என்று தடுமாறாமல் பதில் வந்தால் நல்ல இடம். சம்பளத்தில் பிடிப்போம் என்றால், அங்கே விழுந்த செல்லை யாரும் சொல்லாமல் துடைத்து பேக்குக்குள் வைப்பார்கள். நீங்கள் அந்த பேக்கின் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். என்ன சம்பளம் தந்தாலும் அங்கே போகாதீர்கள்.

கையுறையையும் காட்டச் சொல்லுங்கள். 1,500 வோல்ட் டி.சி.க்கு கிளாஸ் 0 ரப்பர் கையுறை, மேலே தோல் உறை, சோதித்த தேதி முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். ரேக் இணைக்கும்போது பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்பாரா என்றும் கேளுங்கள். எலக்ட்ரீஷியன் என்ற பெயரில் எந்த வேலை தருகிறார்கள் என்பதும் தெளிவாகட்டும். இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கும் பேட்டரியை இணைக்கும் வேலைக்கும் ஒரே பெயரில் ஆள் எடுப்பதுண்டு.

கடைசியாக ஒன்று. உங்கள் வயரிங் உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள். தொழிற்சாலை அசெம்பிளி அனுபவம் எல்லா இடத்திலும் உரிமக் கணக்கில் வருவதில்லை. உரிமம் தரும் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அதன் பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.