மேற்கோள் எண்ணும் முறை மாறினால் ஆய்வாளரின் மதிப்பும் மாறுமா?

கண்டிப்பாக மாறும். நான்கு பேர் எழுதிய கட்டுரைக்கு 100 மேற்கோள்கள், அதாவது வேறு 100 கட்டுரைகள் அதைச் சுட்டுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு எண்ணிக்கையில் நால்வருக்கும் தலா 100. பகிர்ந்து எண்ணினால் தலா 25. முதல் ஆசிரியரை மட்டும் எண்ணினால் ஒருவருக்கு 100, மற்ற மூவருக்கும் பூஜ்யம். 1960களில் அச்சான அறிவியல் மேற்கோள் அட்டவணையில், மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை முதல் ஆசிரியர் பெயரின்கீழ் மட்டுமே இருக்கும். இரண்டாவதாக வந்தவரின் உழைப்பு கண்ணிலேயே படாது. கணிதம் போல அகரவரிசையில் பெயர் போடும் துறைகளில் இது சுத்த அநியாயம்.

சரி, முழு எண்ணிக்கை நியாயமா? 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் எல்லா மேற்கோளும் ஏறும். ஹெச் குறியீடும் (தலா 10 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஒருவருக்கு 10 இருந்தால் அவர் குறியீடு குறைந்தது 10) இதே வழிதான்: தனியாக எழுதியவரையும் ஆயிரத்தில் ஒருவரையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.