அரியலூர் பக்கம் புதைபடிவம் தேடுவோர்க்கு: கேள்வி பதில்

கேள்வி: வேலை மாற்றலாகி அரியலூர் வந்திருக்கிறேன் சார். எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போய், இந்த மண்ணில் கிடைப்பவை எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் ‘பூகோஷ்’ தளத்தில் நிலவியல் வரைபடத்தைத் திறந்து, எந்த ஊர் எந்தப் பாறைமேல் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது, ஆனால் எல்லாம் ஒரே காலத்துக் கடல் இல்லை. காரை என்ற ஊர்ப் பக்கத்துக் களிமண் சுமார் 10 கோடி ஆண்டு பழையது. அங்கே பெலம்னைட்டும் அம்மோனைட்டும் கிடைக்கும். இரண்டும் அழிந்துபோன கடல் உயிரினங்கள், அம்மோனைட்டின் ஓடு சுருள் வடிவில் இருக்கும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறைக்கு ஏறக்குறைய 7 கோடி வயது. அங்கே தடித்த சிப்பிகள்தான் அதிகம். இது தெரியாமல் நடந்தால் வெயில்தான் மிச்சம்.

கேள்வி: அண்ணா, காரையில் பளபளவென்று தகடு தகடாக ஏதோ கிடந்தது. படிவமா?

பதில்: ஜிப்சம் தம்பி. நகத்தால் கீறினாலே கோடு விழும். துப்பாக்கித் தோட்டா வடிவில், ஒரு முனை கூராக இருப்பதைத் தேடுங்கள். அதுதான் பெலம்னைட், கணவாய்க்கு உறவான உயிரினத்தின் உள் ஓடு. உடைந்த துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை கதிர்போலப் படிகங்கள் ஓடும். ஜிப்சத்தில் அது இருக்காது.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் உருண்டையாகக் கற்கள் கிடக்கின்றன. டைனோசர் முட்டை என்கிறார்களே?

பதில்: 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்திலும் இதே பேச்சுதான். பார்த்தவர்கள் அம்மோனைட் படிவுகள் என்றார்கள். நடுவிலுள்ள ஏதாவது சிறு பொருளைச் சுற்றித் தாதுக்கள் சேர்ந்து இறுகினாலும் இப்படி உருண்டை உருவாகும். உருண்டை என்பதாலேயே முட்டை ஆகிவிடாது. ஓடு தெரிகிறதா, அதில் நுண்துளைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். உடைத்துப் பார்க்காதீர்கள். படம் எடுத்து அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

கேள்வி: சுரங்கத்துக்குள் போகலாமா?

பதில்: சிமென்ட் ஆலைச் சுரங்கம் என்றால் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கூடாது. வெடி வைப்பார்கள், சுவர் சரியும். பட்டா நிலத்தில் உரிமையாளரைக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், ‘அந்த ஓடையில் இன்னும் நிறைய இருக்கு’ என்று வழியும் சொல்வார்கள். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூர் கல்மரம் தேசிய நிலவியல் சின்னம். பார்க்கலாம், ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

கேள்வி: என்னென்ன கருவி வாங்கணும்?

பதில்: அவசரமாக எதுவும் வேண்டாம். தொடக்கத்தில் தரையில் கிடப்பதைப் பொறுக்கினாலே போதும். பழைய செய்தித்தாள், பல் துலக்கும் பிரஷ், மார்க்கர், நிறையத் தண்ணீர். எடுக்கும் முன் கிடந்த நிலையில் ஒரு படம், கைப்பேசியில் இருப்பிடக் குறிப்பு, துண்டுச்சீட்டில் ஊர், ஓடை, தேதி. ஊர் தெரியாத அம்மோனைட்டை வைத்து ஆய்வாளரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இதில் மட்டும் நான் கறார்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு போட்டுக் கழுவலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம் அம்மா! சிப்பி ஓடு கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். வெறும் தண்ணீர், பிரஷ் போதும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரி. மழை களிமண்ணை அரித்துப் புதிதாக வெளியே கொண்டுவந்திருக்கும். காலை பத்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள். காரையில் ஒதுங்க நிழல் கிடையாது.