கடற்கன்னியும் காலண்டர் படமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடற்கன்னி பற்றி ஒரு காணொளி பார்த்தேன். ஜப்பான், ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று தூரதூரத்து நாடுகளிலெல்லாம் பாதி பெண், பாதி மீன் என்ற நம்பிக்கை இருக்கிறதே, ஏதோ ஒரு உண்மை இல்லாமலா இருக்கும்? மாலுமிகள் கடல்பசுவைப் பார்த்து ஏமாந்ததுதான் அத்தனையும் என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள வாசகிக்கு,

எல்லா நாட்டுக் கதைகளையும் கடற்கன்னி என்ற ஒரே பெயரில் அடைத்துவிட்டதால்தான் அவை ஒன்றுபோலத் தெரிகின்றன. பண்டைய கிரேக்கக் கதைகளில் பாட்டுப் பாடி மாலுமிகளை மயக்கும் சைரன்களுக்கு உடல் பறவையுடையது. மீன்வால் பல நூற்றாண்டுகள் கழித்து ஒட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் சொல்லப்படும் செல்கி, தோலைக் கழற்றிவைத்துவிட்டு மனுஷியாகக் கரையேறும் கடல்நாய். ஜப்பானின் நிங்யோவைப் பார்த்து யாரும் மயங்குவதில்லை, அதன் இறைச்சியைத் தின்றால் சாவு வராது என்பதே அங்கே கதை. அப்படித் தின்றுவிட்டு 800 வருடம் வாழ்ந்த ஒரு பிக்குணியை ஒபாமா என்ற கடலோர ஊரில் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

அப்புறம் கடல்பசு. 1493 ஜனவரியில் கரீபியன் தீவுப் பகுதியில் மூன்று கடற்கன்னிகளைக் கண்டதாகவும், சித்திரங்களில் இருக்கிற அளவு அவை அழகாக இல்லை என்றும் கொலம்பஸின் பயணக் குறிப்பு சொல்கிறது. கடல்பசுவின் உறவான மானட்டியை அவர் பார்த்திருக்கலாம். ஆனால் கடற்கன்னியை மனதில் வைத்துக்கொண்டு போனவருக்குத்தான் அது கடற்கன்னியாகத் தெரிந்தது. பாக் நீரிணைக் கரையில் இருப்பவர்கள் கடல்பசுவை ஆவுளியா என்பார்கள். அதைப் பெண் என்று நினைத்து அவர்கள் ஏமாறுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்க ஆற்றங்கரை மக்களும் மானட்டியை வேட்டையாடித் தின்றவர்கள். விலங்கு வேறு, தெய்வம் வேறு என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தத் தெய்வத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பெயர் மாமி வாட்டா. நைஜீரியா, கானா, டோகோ, பெனின் என்று அந்தக் கரை நெடுக இன்றும் வணங்கப்படுகிறவள். அவளுடைய பீடத்தில் கண்ணாடி, சீப்பு, வாசனைத் திரவியம், பவுடர், இனிப்புப் பானம் எல்லாம் இருக்கும். கேட்டால் செல்வம் தருவாள், ஆனால் சும்மா தரமாட்டாள். குடும்ப வாழ்க்கையையோ பிள்ளைப்பேற்றையோ விலையாகக் கேட்பாள் என்பார்கள்.

ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே அங்கே நீர்த் தெய்வங்கள் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்களோடு மீன்வால் பெண்ணின் உருவமும் வந்து இறங்கியது. சியரா லியோன் பகுதித் தந்தச் சிற்பிகள் போர்த்துகீசியர்களுக்காகச் செய்த பாத்திரங்களிலேயே அவள் இருக்கிறாள். அதே கடல் வழியாகத்தான் பண்டங்கள் வந்தன, அதே வழியாகத்தான் மனிதர்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டும் போனார்கள். அள்ளிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கேட்கும் கடல்தெய்வத்தை இந்த வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

இன்று பரவலாக இருக்கும் அவளுடைய முகம் 1880களில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் அச்சானது. வித்தை காட்டும் ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் வண்ண விளம்பரப் படம் அது. அடர்ந்த கருங்கூந்தல், உடலைச் சுற்றிப் பாம்பு, இடுப்புக்குக் கீழே படத்தில் ஒன்றும் தெரியாது. ஆப்பிரிக்கக் கரைக்கு வந்ததும் பார்த்தவர்கள் இவள் நீருக்குள்ளிருந்து எழுந்தவள் என்று கண்டுகொண்டார்கள். 1901-ல் நைஜர் டெல்டாவின் பொன்னி நகரில் எடுத்த புகைப்படம் ஒன்றில், அவளைப் பார்த்துச் செதுக்கிய மரத் தலையணி இருக்கிறது. விளம்பரம் எத்தனை சீக்கிரம் தெய்வமாகிவிட்டது பாருங்கள்!

1950களில் இதே படத்தை மறுபடி அச்சடிக்க கானாவிலிருந்து ஆர்டர் வந்தது பம்பாய்க்கு. ஒரு காலண்டர் கம்பெனி 12,000 பிரதிகள் போட்டு அனுப்பியது. நம் பூஜை அறைச் சாமி படங்களும் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. தாமரையில் நிற்கும் லட்சுமி மாமி வாட்டா குடும்பத்தில் ஒருத்தியானாள். மூன்று தலை தத்தாத்ரேயர் அங்கே டென்சு என்ற நீர்த் தெய்வம். அவர்கள் ஏமாந்துபோய்க் கும்பிடுகிறார்கள் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். ஏற்கெனவே தாங்கள் அறிந்த தெய்வத்துக்குப் பொருத்தமான முகத்தைத் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

அடிமைக் கப்பல்களில் போனவர்களோடு அவளைப் போன்ற நீர்த் தெய்வங்களும் அட்லாண்டிக்கைக் கடந்தன. ஹைட்டியில் லாசிரென். பிரேசிலின் சால்வடோர் நகரில் இயெமான்ஜாவுக்குப் பிப்ரவரி 2 அன்று பூவும் வாசனைத் திரவியமும் கடலில் விடுகிறார்கள்.

எனவே உங்கள் இருவரிடமும் நான் உடன்படவில்லை. கடலுக்கடியில் அப்படி ஓர் உயிரினம் இல்லை. அதற்காக எல்லாமே மாலுமியின் கண்மயக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. இன்று மேற்கு ஆப்பிரிக்காவில் பெந்தெகொஸ்தே சபைகள் பல மாமி வாட்டாவைப் பிசாசு என்று பிரசங்கம் செய்கின்றன. அவளை விட்டு விலகி வந்ததாகச் சாட்சி சொல்கிறவர்கள்கூட, அவள் இல்லவே இல்லை என்று சொல்வது அபூர்வம்.